அறையிசைக் குழுவில் அமர்பவர்கள்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் அறையிசை என வழங்கப்படுவது, பெரிய அரங்கத்துக்காக அன்றி ஒரு வீட்டின் கூடத்துக்காக எழுதப்பட்டு, இருவர் முதல் எட்டு ஒன்பது பேர் வரை சேர்ந்து வாசிக்கும் இசையாகும்; ஒவ்வோர் இசைவரியையும் ஒருவர் மட்டுமே வாசிப்பதும், கோல் பிடித்து நடத்துபவர் எதிரே இல்லாதிருப்பதும் அதன் அடிப்படை வழக்கங்கள். எழுபது எண்பது பேர் அமரும் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு வயலின் கலைஞர் சற்றே தடுமாறினால் அருகில் இருப்பவர்களின் ஒலி அதை மூடிவிடும். நால்வர் குழுவிலோ அவர் நின்றால் இசையின் நான்கில் ஒரு பங்கு நின்றுபோகும். எனவே இந்த இசையைப் பற்றிப் பேசுவோர் படைப்புகளை மட்டும் ஆராய்ந்தால் போதாது; அவற்றை வாசிக்க அமர்பவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க ஊர்களில் தேவாலயக் கூடத்திலோ நூலகத்திலோ உறுப்பினர் ஒருவரின் வீட்டிலோ மாலை வேளையில் கூடும் சமூக அறையிசைக் குழுக்களில், பகலில் மருத்துவராகவும் ஆசிரியராகவும் பொறியாளராகவும் இருப்பவர்களும், பணி ஓய்வுக்குப் பின் இளமையில் கைவிட்ட கருவியை மீண்டும் எடுத்தவர்களுமே பெரும்பான்மையோர். இவர்களைத் தொழில்முறைக் கலைஞர்களின் மங்கிய நகல்களாகக் கருதும் போக்கு பரவலாக இருந்தாலும், அறையிசையின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

யோசஃப் ஹைடனின் வாழ்க்கையை முதலில் எழுதியவர்களுள் ஒருவரான கிரீசிங்கர், 1810இல் வெளிவந்த தம் நூலில், அவருடைய முதல் நால்வர் இசை பிறந்த சூழலைப் பதிவுசெய்திருக்கிறார். கீழ் ஆஸ்திரியாவில் வைன்சியர்ல் என்னும் இடத்தில் மாளிகை வைத்திருந்த ஃபூர்ன்பெர்க் பிரபு, அங்கே அவ்வப்போது இசை கேட்க விரும்பி, அவ்வூர்ப் பாதிரியாரையும், தம் பண்ணையின் மேலாளரையும், இளைஞரான ஹைடனையும், செல்லோ வாசிக்கத் தெரிந்த அல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்பவரையும் ஒன்றுகூட்டினார். இந்த நால்வரும் வாசிக்கத்தக்க ஏதேனும் ஒன்றை எழுதித் தருமாறு ஹைடனிடம் கேட்டார். இது நடந்தது 1750களில். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்ற அமைப்பில் பின்னாளில் பீத்தோவனும் ஷூபர்ட்டும் பார்டோக்கும் தம் ஆழ்ந்த எண்ணங்களை வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, ஹைடனின் கையில் அது தொடங்கியது ஒரு பாதிரியாரும் ஒரு பண்ணை மேலாளரும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள் என்பதால்தான் என்ற செய்தி மிகுந்த கவனத்துக்கு உரியது. ஆட்கள் முதலில் வந்தார்கள். இசை அவர்களைத் தொடர்ந்து வந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த இசைக்கு உருவான சந்தையும் இத்தகையோரால் ஆனதே. வியன்னாவின் அர்த்தாரியா நிறுவனம் 1782இல் ஹைடனின் முப்பத்து மூன்றாம் தொகுதி நால்வர் இசைகளை வெளியிட்டபோது, நான்கு வரிகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் முழுப் பிரதியாக அச்சிடாமல், அன்றைய வழக்கப்படி ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாளாகவே அச்சிட்டது. ஏனெனில் அதை வாங்கியவர்கள் படித்து ஆராய்பவர்கள் அல்லர், வீட்டில் நால்வராக அமர்ந்து வாசிப்பவர்கள். தம் தாளில் தம் வரி மட்டுமே இருப்பதால், மற்ற மூவரும் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அவர்கள் காதால்தான் கண்டறிய வேண்டியிருந்தது. அரசரும் இதற்கு விலக்கல்லர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெட்ரிக் வில்லியம் செல்லோ வாசிப்பவராக இருந்ததால், அவரை மனத்தில் கொண்டு மொத்சார்ட் 1789, 1790ஆம் ஆண்டுகளில் எழுதிய மூன்று நால்வர் இசைகளில், அதுவரை பெரும்பாலும் அடித்தளமாகவே இருந்துவந்த செல்லோ மேலேறிவந்து மெட்டைப் பாடுகிறது.

வியன்னாவில் வயலின் கலைஞர் ஷுப்பான்சிக் 1804இல் கட்டணம் செலுத்திக் கேட்கும் பொது நால்வர் கச்சேரிகளைத் தொடங்கியதும், பீத்தோவனின் படைப்புகள் கடும் பயிற்சி பெற்ற கைகளைக் கோரியதும், மேடைக்கு உரியவர்களையும் வீட்டுக்கு உரியவர்களையும் மெல்லப் பிரித்தன. ஆயினும் அந்தப் பீத்தோவனைச் சுற்றியே அத்தகைய ஆர்வலர்கள் இருந்தார்கள். அவருடைய ஐம்பத்தொன்பதாம் தொகுதி யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ரஷ்யத் தூதர் ரசுமோவ்ஸ்கி, வயலின் வாசிப்பவர். தொண்ணூற்றைந்தாம் தொகுதியான நால்வர் இசையைப் பீத்தோவன் காணிக்கையாக்கிய ஸ்மெஸ்கால், ஹங்கேரிய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றியவர், செல்லோ வாசித்தவர். வயோலாவுக்கும் செல்லோவுக்குமாகத் தாம் எழுதிய ஓர் இருவர் இசையின் தலைப்பில், தவிர்க்க முடியாத இரண்டு மூக்குக்கண்ணாடிகளுடன் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறித்துவைத்தது இந்த நண்பரை எண்ணித்தான் எனக் கருதப்படுகிறது. மங்கிய விளக்கில் நெருக்கமாக அச்சிட்ட தாளைப் படிக்க முதிய உறுப்பினர்கள் படும் சிரமம், இன்றைய குழுக்களிலும் ஒத்திகை நேரத்தைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாகவே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டத்துக்குள் வந்தவர்களுள் அறுவைச் சிகிச்சை வரலாற்றில் பெயர் நிலைத்த தியோடோர் பில்ராத்தும் ஒருவர். இரைப்பையின் புற்றுற்ற பகுதியை 1881இல் வெற்றிகரமாக அகற்றிய இம்மருத்துவரின் பெயரை, அதைத் தாங்கிய சென்னை மருத்துவமனையின் வழியாகத் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். வயலினும் வயோலாவும் வாசித்த அவருடைய வியன்னா இல்லத்தில், பிராம்ஸின் புதிய அறையிசைகள் பொது அரங்குக்குச் செல்லுமுன் வாசித்துப் பார்க்கப்பட்டன. 1873இல் வெளிவந்த தம் முதல் இரண்டு நால்வர் இசைகளைப் பிராம்ஸ் அவருக்கே காணிக்கையாக்கினார். பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியராக இருந்த பொரோடின், செல்லோ வாசித்த ஆர்வலர். 1881இல் அவர் எழுதிய இரண்டாம் நால்வர் இசை செல்லோவின் பாடலோடு தொடங்குவதில் அந்த அனுபவத்தின் கனிவு தெரிகிறது. அதே நகரில் மர வணிகரான பெல்யாயேவ், தாமே வயோலாவுடன் அமரும் நால்வர் கூட்டத்தை வெள்ளிக்கிழமைதோறும் தம் வீட்டில் நடத்தினார்.

பெல்யாயேவ் வயோலாவை எடுத்துக்கொண்டது எந்தக் குழுவும் நன்றியோடு நினைக்கத்தக்க செயல். வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரியதாகவும் ஐந்து சுரங்கள் தாழ்ந்த சுருதியிலும் அமைந்த கருவி. பாலுசுவாமி தீட்சிதர் காலம் தொட்டு வயலின் தமிழகத்துக் கச்சேரிகளில் இன்றியமையாததாக வேரூன்றிவிட்டது, ஆனால் வயோலாவுக்கு இங்கே அத்தகைய இடம் அமையவில்லை. மேற்கிலும் குழந்தைகள் முதலில் கற்பது வயலினையே என்பதால் வயலின் கலைஞர்கள் மிகுதியாகவும், வயோலாவும் செல்லோவும் வாசிப்போர் அரிதாகவும் இருக்கிறார்கள். ஊர்க் குழுவின் அமைப்பாளர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இதுவே: நான்கு வயலின்களும் இரண்டு புல்லாங்குழல்களும் ஒரு கிளாரினெட்டும் வந்து நிற்கும்போது, அந்த எழுவருக்கு ஏற்ற இசையைத் தேட வேண்டும், அல்லது இருக்கும் இசையை அவர்களுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். வயலின் கற்ற ஒருவர் குழுவுக்காக நடுவயதில் வயோலாவுக்கு மாறி, அதற்குரிய வேறு இசைக்குறியீட்டையும் புதிதாகப் படிக்கப் பழகுவது இத்தகைய குழுக்களில் அடிக்கடி நிகழ்கிறது. கைதட்டல் பெறாத இந்த உழைப்பே பல குழுக்களை உயிரோடு வைத்திருக்கிறது.

ஷூபர்ட்டின் குடும்பத்தில் இச்சிக்கல் அழகாகத் தீர்ந்தது. வியன்னாவின் புறநகரில் பள்ளி நடத்திய தந்தை செல்லோவையும், அண்ணன்மார் இக்னாட்சும் ஃபெர்டினான்டும் வயலின்களையும் வாசிக்க, சிறுவனான பிரான்ட்ஸ் வயோலாவை ஏற்றான். நால்வருள் காது கூர்மையானவன் இளையவனே. திறமையில் பின்தங்கியவர் தந்தை. பிழை நேர்ந்தால் அண்ணன்மாரின் முகத்தை நேராகப் பார்க்கும் பிரான்ட்ஸ், தவறு தந்தையுடையதாக இருந்தால் முதல்முறை பேசாமல் விட்டு, அது திரும்ப வந்தபோதுதான் ஏதோ தவறு இருக்கும் போலிருக்கிறது என்று மரியாதையோடு உணர்த்துவான் என ஃபெர்டினான்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். இயக்குநர் இல்லாத குழுவில் பிழையைச் சுட்டும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதும், அந்த உரிமையைப் பயன்படுத்தும் முறையிலேயே குழு நிலைப்பதோ கலைவதோ அமைகிறது என்பதும் இதில் விளங்கும். பின்னர் அக்கம்பக்கத்தார் சேரச் சேர அக்குழு வீட்டுக்குள் அடங்காமல் ஒரு சிறு ஆர்க்கெஸ்ட்ராவாக வளர்ந்து, ஓட்டோ ஹாட்விக் என்னும் வயலின் கலைஞரின் இல்லத்தில் கூடியது. 1816இல் ஷூபர்ட் எழுதி அங்கே முதலில் வாசிக்கப்பட்ட ஐந்தாம் சிம்பொனியில், அக்குழுவின் சிறிய அளவுக்கு ஏற்ப, கிளாரினெட்டோ எக்காளமோ முரசோ இல்லை.

அவருடைய புகழ்பெற்ற ‘டிரௌட்’ ஐவர் இசையும் இவ்வகையில் வந்ததே. ஸ்டெயர் என்னும் சிறுநகரில் செல்லோ வாசித்த சுரங்கத்துறை அலுவலர் பாவும்கார்ட்னர் 1819இல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுதப்பட்ட அப்படைப்பில், வழக்கமான இரண்டாம் வயலினுக்குப் பதிலாகக் கனத்த ஒலியுடைய டபுள் பேஸ் இடம்பெறுகிறது. அடித்தளத்தை அது சுமப்பதால் செல்லோ விடுதலை பெற்று மெட்டின் பக்கம் செல்ல முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஆர்வலர்களுக்கெனத் தனி அமைப்புகள் தோன்றின. இங்கிலாந்தில் தொழிலதிபரும் வயலின் ஆர்வலருமான வால்டர் வில்சன் காபெட், தம் செல்வத்தை இதற்கே செலவிட்டு, 1905இல் ஒரே பகுதியாக அமைந்த குறுகிய நால்வர் இசைக்கான போட்டியைத் தொடங்கினார். 1929இல் அறையிசைக்கென ஒரு கலைக்களஞ்சியத்தையும் வெளிக்கொணர்ந்தார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர வணிகரான லியோனார்ட் ஸ்ட்ராஸ், வெளியூர்ப் பயணங்களில் உடன் வாசிக்க ஆள் கிடைக்காத குறையைப் போக்க விரும்பியதிலிருந்து 1947இல் ஓர் ஆர்வலர் சங்கம் உருவாயிற்று. அதன் பெயரேட்டில் உறுப்பினரின் முகவரியும் கருவியும் மட்டுமல்லாமல், தம் திறமைக்கு அவரே அளித்துக்கொள்ளும் தரமும் அச்சிடப்பட்டது. தேர்வு நடத்தி மதிப்பெண் வழங்காமல், அவரவர் நேர்மையை நம்பி எழுதவிட்ட இந்த ஏற்பாடு மிகச் சிறந்த ஒன்று. தம்மைவிட வல்லவரோடு அமரும் துணிவும், தம்மைவிட எளியவரோடு அமரும் பொறுமையும் அதற்குள்ளேயே எதிர்பார்க்கப்படுகின்றன.

இதற்கு மறுபக்கமாக, தொழில்முறைக் கலைஞர்களே ஒரு பகுதியின் அண்டை வீட்டாராகக் குடியேறிய முயற்சியும் உண்டு. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் செபாஸ்டியன் ரூத் 1997இல் நிறுவிய கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ், வருவாய் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வயலினும் வயோலாவும் செல்லோவும் கற்றுத்தருவதோடு, கற்றுத்தரும் கலைஞர்களே அப்பகுதியில் நால்வர் குழுவாக அமர்ந்து கச்சேரி செய்யும் முறையை வளர்த்தது. இப்பணிக்காக ரூத்துக்கு 2010இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

திறமை வேறுபட்டவர்கள் சேர்ந்து அமரும்போது, யாருக்கு ஏற்ப யார் மாறுவது என்று எழும் வினாவுக்கு மிகத் தெளிவான விடையை விட்டுச்சென்றவர் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக். பிராகு நகரில் அவர் குடியிருந்த வீட்டிலேயே யோசெஃப் குரூயிஸ் என்னும் வேதியியல் மாணவர் தங்கி, தேசிய நாடக அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்த பெலிகான் என்பவரிடம் வயலின் கற்றுவந்தார். அந்த இருவரோடும் தாம் வயோலாவுடன் அமர்வதற்காக, துவோர்ஷாக் 1887 ஜனவரியில் ஒரே வாரத்தில் ‘டெர்செட்டோ’ என்னும் மூவர் இசையை எழுதினார். செல்லோ வாசிப்பவர் இல்லாததால் செல்லோ அதில் இடம்பெறவில்லை. ஆனால் மாணவருக்கு அது கடினமாக இருந்தது. உலகப் புகழ் எய்திவிட்ட துவோர்ஷாக், மாணவரை விலக்கிவிட்டு வேறொரு வயலின் கலைஞரை அழைக்கவில்லை. உடனே அதே மூவருக்காக எளிய நான்கு சிறு பகுதிகளைப் புதிதாக எழுதினார். அவற்றின் மீது அவருக்கே பற்று மிகுந்து, அம்மாதமே அவற்றை வயலினுக்கும் பியானோவுக்குமாக மாற்றியமைத்தார். உலகின் தலைசிறந்த வயலின் கலைஞர்கள் இன்று மேடைகளில் வாசிக்கும் அவருடைய ‘ரொமாண்டிக்’ துண்டுகள் நான்கும் அவையே.