கை நடுங்கும் முன்னே மனசு சோர்ந்துபோகலாம், தெரியுமா?

பார்க்கின்சன் என்று சொல்லிப் பாருங்கள். எம்.கே.பி. நகரில் யாரைக் கேட்டாலும், "கை கால் உதறுமே, அந்த வியாதிதானே?" என்பார்கள். அது பாதிக் கதைதான்! மீதிக் கதை மனசுக்குள் நடக்கிறது. படித்தால் அசந்துபோவீர்கள்!

மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு, தெரியுமா?
பார்க்கின்சன் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருக்கிறது. "நோய் வந்த கவலை, வேறென்ன?" என்று தள்ளிவிடாதீர்கள். மனநிலையைக் காக்கும் டோபமைன், செரோட்டோனின், நாரட்ரினலின் என்ற மூன்று வேதிப்பொருள்களையுமே இந்த நோய் மூளையில் குறைத்துவிடுகிறது!

நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே சோர்வு வரலாம், தெரியுமா?
2015-இல் சுவீடனின் உமியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வு வந்த 1,40,000 பேரையும் அது இல்லாத 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலத்தில் பார்க்கின்சன் வந்தது முதல் கூட்டத்தில் சுமார் 1 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 0.4 சதவீதம் பேருக்கு! அதற்காகப் பயந்துவிடாதீர்கள்: சோர்வு வந்த 100 பேரில் 99 பேருக்கு பார்க்கின்சன் வரவே இல்லை!

சோர்வுக்கும் நடுக்கத்துக்கும் உள்ள தொடர்புக்கு நம் ஊர் மூலிகை ஒரு துப்புக் கொடுத்தது, தெரியுமா?
சர்ப்பகந்தா! 1931-இல் சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள், ரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது பலன் தருவதாக எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை உலகறியச் செய்தார். அந்த வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் மருந்து பிறந்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனம் இருண்டதாகப் பதிவுகள் உண்டு, சிலருக்கு பார்க்கின்சன் போலவே உடல் இறுகி நடுங்கியது! ஒரே மருந்து, இரண்டு துப்புகள்! 1957-இல் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்க வைத்தார். பிறகு மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியாகப் போட்டார். முயல்கள் எழுந்து ஓடின! 2000-இல் அவருக்கு நோபல் பரிசு!

அந்த எல்-டோபாவுக்கும் நம் சேப்பாக்கத்துக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?
பூனைக்காலிக் காய் மேலே பழுப்புச் சுணை போர்த்தியிருக்கும். கை பட்டால் போதும், அரிப்பு உயிரை எடுத்துவிடும்! அதன் விதையிலிருந்து 1937-இலேயே எல்-டோபாவைப் பிரித்தெடுத்தவர்கள் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும்! முயல்கள் எழுந்து ஓடியதற்கு இருபது வருடம் முன்பு! அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி நீங்களே சாப்பிட்டுவிடாதீர்கள். அளவு தவறினால் ஆபத்து.

முகமே ஏமாற்றும், தெரியுமா?
பார்க்கின்சனில் முகத் தசைகள் இறுகும், குரல் தணியும், நடை தளரும். மகிழ்ச்சியாக இருக்கும் தாத்தாவும் உம்மென்று தெரிவார். உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கும் ஆயாவையோ "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடுவோம். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "மனசு எப்படி இருக்கு? தூக்கம் வருதா? பிடிச்சது ஏதாவது செய்யத் தோணுதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்!

இந்தச் சோர்வுக்கு மருந்து உண்டு, தெரியுமா?
மனச்சோர்வு மாத்திரை, மனநல ஆலோசனை, தினசரி உடற்பயிற்சி எல்லாமே பலன் தருகின்றன! நம் வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டு துறைகளும் இருக்கின்றன. கை நடுக்கம் காட்டப் போகிறவர், "மனசும் சரியில்லை டாக்டர்" என்று அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். வெளியே போக முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது: இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசுவார்கள்!

நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, சோர்வு தெரிவதில்லை. இரண்டுமே ஒரே நோயின் வேலையாக இருக்கும்போது, ஒன்றுக்கு மட்டும் மருந்து வாங்கித் திரும்பாதீர்கள்!