கொடியும் வண்டியும்

செம்பூர் சேடா நகரிலுள்ள திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குப் படிகள் 108. ஒரு காலத்தில் அவற்றை இளைப்பாறாமல் ஏறிய என் அன்னையாரின் முழங்கால்கள் இப்பொழுது ஒத்துழைப்பதில்லை.

சென்ற ஆண்டு நாசிக் மாவட்டத்து வணியிலுள்ள சப்தசிருங்கி அம்மனைத் தரிசிக்கக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். அங்கே செங்குத்தான சரிவில் பக்தர்களை ஏற்றிச் செல்ல 2018-ஆம் ஆண்டு முதல் ஒரு வண்டி ஓடுகின்றது. அதன் பெயர் ‘ஃபனிகுலர்’. “அப்பா, நீங்கள் ரயில்வேயில்தானே இருக்கிறீர்கள்? இதற்கு என்ன பொருள்?” என்று கேட்டாள் மகள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு, சரக்கு ரசீது எழுதிப் பிழைக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

அன்னையாரோ வண்டியில் கால் வைக்கவே மறுத்துவிட்டார். “ஒரு கயிற்றை நம்பியா இத்தனை உயிர்?” என்றார். அவர் அடிவாரத்தில் அமர்ந்திருக்க, நாங்கள் மட்டும் தரிசித்துவிட்டுக் குங்குமத்தோடு இறங்கி வந்தோம். அந்தக் குறை என் மனத்தை விட்டு அகலவில்லை.

வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். இலத்தீனில் ‘ஃபூனிஸ்’ என்றால் கயிறு. ‘ஃபூனிகுலஸ்’ என்றால் மெல்லிய கயிறு. ஆகவே கயிற்றைப் போன்றது, கயிற்றால் இயங்குவது என்பதே ‘ஃபனிகுலர்’. பண்பைக் குறிக்கும் அரிய சொல்லே கயிற்று ரயிலுக்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. 1880-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலையில் இத்தகைய ரயில் ஓடத் தொடங்கியபொழுது, அதைப் புகழ்ந்து பிறந்த பாட்டு உலகெங்கும் பரவியது.

நம் நீலகிரி மலை ரயில் இவ்வகையைச் சேர்ந்ததன்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரை அதன் எஞ்சின், தண்டவாளங்களின் நடுவேயுள்ள பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றி ஏறுகின்றது. கயிற்று ரயிலிலோ வண்டியில் எஞ்சின் இல்லை. மேலேயுள்ள மோட்டார், உருளையின் வழியே எஃகு வடத்தை இழுக்கின்றது. பெரும்பாலும் வடத்தின் இரு முனைகளிலும் இரு வண்டிகள் இருக்கும். இறங்கும் வண்டியின் பாரம் ஏறும் வண்டிக்குத் துணையாகும். வடம் பல எஃகுக் கம்பிகளை முறுக்கித் திரித்தது. அது அறுந்தாலும் வண்டியைத் தண்டவாளத்தோடு பிடித்து நிறுத்தத் தனி பிரேக் உண்டு.

பழனியில் 1966 முதல் பக்தர்களை மலைமேல் கொண்டு செல்லும் ‘வின்ச்’ என்னும் இழுவை ரயிலும் இவ்வினத்ததே.

இவற்றையெல்லாம் அன்னையாருக்கு எடுத்துரைத்தேன். அவர் அசையவில்லை. கடைசியாக, “அம்மா, தொப்புள்கொடிக்கும் மருத்துவ நூல்களில் இந்த ‘ஃபூனிகுலஸ்’ என்ற சொல்லே வழங்குகின்றது” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியை அருகழைத்து, “நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! தொப்புள்கொடி, தாலிக்கொடி, அரைஞாண்கொடி, துணி உலர்த்தும் கொடி. உன் கொள்ளுப்பாட்டியின் பெயர்கூடப் பொற்கொடிதான்” என்றார்.

எனக்கு வெட்கமாயிருந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைத் தேடிய நான், கயிறு போன்றவற்றுக்கெல்லாம் பொதுவாகவும் பெண்மக்களின் பெயராகவும் வழங்கும் நம் சொல்லை மகளுக்கு ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. அன்பர்களே, நம் வீட்டுப் பெரியோர் இருக்கும்பொழுதே இத்தகைய சொற்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும்.

மகனுக்குப் பழனியில் முடியிறக்குவதாக அன்னையார் வேண்டிக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வரும் மே விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. “கொடி வண்டியிலேயே ஏறிவிடலாம்” என்று சொல்லியிருக்கிறார்.