உங்களுக்குத் தெரியுமா? ரிமோட்டுக்கும் ஒரு டிசைன் அட்டை உண்டு

ஆரணிப் பட்டு என்று கடைகளில் விலைபோகும் சேலைகளில் தேவிகாபுரத்துத் தறிகளில் நெய்தவையும் உண்டு. பெரியநாயகி அம்மன் கோயிலையும் கனககிரி மலையையும் பார்க்க அந்த ஊருக்குப் போகிறவர்கள், நெசவாளர் தெருவிலும் கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் மிதியில், கை நாடாவில். டிவியில் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ எழுந்து போக முடியாது. ரிமோட் கெட்டுப்போனால் வேலையே தடைப்படும். இந்த முறை 'தெரியுமா' முழுக்க ரிமோட்டைப் பற்றி. கடையில் வாங்கும் யுனிவர்சல் ரிமோட்டை நம் டிவிக்கு நாமே எப்படிப் பழக்குவது என்பதும் இதில் வருகிறது.

● ஜக்கார்டு பெட்டியின் கீழ் வேலை செய்பவருக்கு ரிமோட்டின் தத்துவத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே ஏறும், பாவு நூல் எழும். ஓட்டை இல்லாவிட்டால் அந்த நூல் கீழேயே கிடக்கும். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற இந்த இரண்டை வைத்துத்தான் மயிலும் மாங்காயும் முந்தானையில் வருகின்றன. ரிமோட் இதே கணக்கை ஒளியில் போடுகிறது. பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு இந்த அட்டை இயந்திரத்தைக் கொண்டுவந்தது 1804 வாக்கில். கணினிக்குக் கட்டளை கொடுக்க ஓட்டை போட்ட அட்டை வந்ததும் இந்த வழியில்தான். தறியை 'பழைய தொழில்' என்று ஒதுக்குகிறவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

● கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் இதைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, நிறத்துக்கு நிறம் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பம் அதிகமாக இருந்தது. நம் ரிமோட்டின் நுனியில் உள்ள சிறு விளக்கு பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிகிறது. மனிதக் கண் ஏறக்குறைய 700-ஐத் தாண்டினாலே திணறிவிடும்.

● ரிமோட் வேலை செய்கிறதா என்று அரை நிமிடத்தில் பார்க்கலாம். செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியை அதற்கு நேராக வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கல் தெரிந்தால் விளக்கு எரிகிறது. பல போன்களின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். அதில் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். இரண்டிலும் இருட்டாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

● உலகின் முதல் டிவி ரிமோட்டுக்கு வால் இருந்தது. அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் 1950-இல் விற்ற 'லேஸி போன்ஸ்' ஒயரில் தொங்கியது. 1955-இல் யூஜின் பாலி ஒளியால் இயங்கும் 'ஃபிளாஷ்-மேட்டிக்' செய்தார். வெயில் பட்டால் அந்த டிவி தானாக சானல் மாற்றியது. அடுத்த ஆண்டே ராபர்ட் ஆட்லர் அலுமினியக் கம்பிகளைத் தட்டி, காதுக்குக் கேட்காத ஒலியால் டிவியை இயக்கினார். அந்த ரிமோட்டுக்குப் பேட்டரியே தேவைப்படவில்லை. பொத்தானை அழுத்தியதும் 'கிளிக்' என்று கேட்டதால்தான் அமெரிக்க வீடுகளில் ரிமோட்டுக்கு 'கிளிக்கர்' என்ற பெயர் நிலைத்தது.

● பாலியின் ரிமோட் வெயிலிடம் தோற்றது, இன்றைய ரிமோட் தோற்பதில்லை. ஏன்? வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளமாக உண்டு. அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் ஒளியை டிவி பிரித்தறிய ஒரு அடையாளம் வேண்டும். அதனால் ரிமோட் தன் விளக்கை விநாடிக்கு ஏறக்குறைய 38,000 முறை துடிக்க வைக்கிறது. டிவியின் கண் அந்த வேகத்தில் துடிப்பதை மட்டும் உள்ளே விடும். 38,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? விநாடிக்கு 4,55,000 முறை அதிரும் மலிவான பீங்கான் துண்டு ஒன்று ரேடியோக்களுக்காக ஏற்கெனவே கோடிக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது. அதை 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 37,900 கிடைக்கும். கையருகே மலிவாகக் கிடைத்த பொருள் உலகத் தரமாகிவிட்டது.

டிவியின் முகப்பில் அந்தக் கண் கருப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, அகச்சிவப்பை மட்டும் விடும் பிளாஸ்டிக் அது.

● பவர் பொத்தானை அழுத்தினால் ரிமோட் என்ன 'சொல்கிறது'? பல எல்ஜி டிவிகளுக்கான ரிமோட் சொல்வது இது:

00100000 11011111 00010000 11101111

ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த முறை இது. முதலில் 9 மில்லி விநாடி ஒளி, 'கவனி' என்று கூப்பிடுவதற்காக. பிறகு 4.5 மில்லி விநாடி இருட்டு. அதன்பின் 32 துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கிலும் ஒளி ஒரே அளவு, பின்னால் வரும் இருட்டுதான் நீளும் அல்லது குறுகும். குறுகிய இருட்டு 0, நீண்ட இருட்டு 1. முதல் எட்டு எந்தக் கருவி என்பதற்கான முகவரி. மூன்றாவது எட்டு என்ன கட்டளை என்பது.

இரண்டாவது எட்டையும் நான்காவது எட்டையும் மேலே மறுபடி பாருங்கள். முன்னால் வந்ததன் நேர் எதிர். 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. சேலையைத் திருப்பிப் பார்ப்பது போல. முகப்பில் பாவு மேலே தெரியும் இடத்தில் பின்பக்கம் ஊடை தெரியும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் நெசவில் தவறு. ரிமோட் விஷயத்திலும் டிவி அப்படித்தான் சரிபார்க்கிறது. எதிர்ப்பக்கம் பொருந்தாவிட்டால் கட்டளையைத் தூக்கிப் போட்டுவிடும். பின்னே, கால்வாசி கேட்ட கட்டளைக்கு டிவி அணைந்துபோனால் யார் தாங்குவது?

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எதிர்ப்பிம்பம் கூடவே வருவதால் 32 துணுக்குகளில் எப்போதும் சரிபாதி 0, சரிபாதி 1. ஆகவே எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சேதி முடிய ஒரே நேரம்தான்: ஏறக்குறைய 68 மில்லி விநாடி.

● எல்லா நிறுவனமும் இந்த ஒரே மொழியைப் பேசுவதில்லை. சோனி விநாடிக்கு 40,000 துடிப்பில் பேசும், ஒரே சேதியைக் குறைந்தது மூன்று முறை சொல்லும். பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36,000 துடிப்பு, 14 துணுக்கு. அதில் ஒரு துணுக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறி மாறி வரும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறோமா, விட்டு மறுபடி அழுத்தினோமா என்று டிவி அதை வைத்துக் கண்டுகொள்ளும். சாம்சங் என்.இ.சி. முறையைக் கொஞ்சம் திருத்தி வைத்துக்கொண்டது. யுனிவர்சல் ரிமோட் என்பது இத்தனை மொழிகளின் அகராதியையும் ஒரு சிறு சில்லுக்குள் சுமந்து திரியும் பொருள். கடையில் தரும் மூன்று இலக்க அல்லது நான்கு இலக்க எண், அந்த அகராதியில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதற்கான பக்க எண். அவ்வளவுதான்.

● தமிழ்நாட்டில் ரிமோட் கூரை வீடு வரைக்கும் போன நாளுக்குத் தேதி உண்டு. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அன்று தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011-இல் ஆட்சி மாறி நிறுத்தப்படும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போனது. அரசின் எல்காட் நிறுவனம் வழியாகப் பல நிறுவனங்களிடமிருந்து வாங்கியதால், பெட்டிகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ரிமோட் வேறு வேறு மொழி பேசலாம். அதன்பின் 2017-இல் அரசு கேபிள் டிஜிட்டலுக்கு மாறி, செட்டாப் பாக்ஸ் வந்தது. டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என்று ரிமோட் இரண்டானது.

● யுனிவர்சல் ரிமோட்டைப் பழக்குவது கடினம் என்று பயப்படாதீர்கள். கூடவே வரும் தாளில் உங்கள் டிவி பெயருக்கு நேராக நான்கைந்து எண்கள் இருக்கும். டிவியைப் போட்டுக்கொண்டு, 'செட்' பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். எண்ணை அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் எண் ஏறிவிட்டது. ரிமோட்டுக்கு ரிமோட் சிறு வித்தியாசம் உண்டு, தாளைப் படித்துவிடுங்கள்.

தாள் தொலைந்துவிட்டதா? தேடல் முறை இருக்கிறது. விளக்கு எரியும்போது பவர் பொத்தானை நிதானமாக, ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் அடுத்த எண்ணைச் சோதித்துப் பார்க்கும். டிவி அணைந்த அந்த நொடியில் நிறுத்தி 'செட்' அழுத்துங்கள். அவசரம் வேண்டாம். இரண்டு அழுத்தல் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். நூறு முறைகூட அழுத்த வேண்டி வரலாம், பொறுமை இருந்தால் கிடைத்துவிடும்.

டிவி அணைந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். பவர் மட்டும் பொருந்தி, ஒலியோ மெனுவோ பொருந்தாத எண்களும் உண்டு. ஒலி, மியூட், மெனு, ஏவி மூலம் மாற்றும் பொத்தான் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு எண்ணை உறுதி செய்யுங்கள்.

● எண்ணே தேவைப்படாத ரிமோட்டும் உண்டு. அதற்கு 'லேர்னிங்' ரிமோட் என்று பெயர். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் மேல் மூலையிலோ கீழேயோ டிவிக்கென்று தனியாகச் சில பொத்தான்கள் இருக்கும். அவை இந்த வகைதான். இரண்டு ரிமோட்டையும் நுனிக்கு நுனி பார்த்தபடி, இரண்டு மூன்று விரல்கடை இடைவெளியில் தரையில் வையுங்கள். பாக்ஸ் ரிமோட்டைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டு, டிவி ரிமோட்டில் அதற்கான பொத்தானை அழுத்துங்கள். ஒளி எரிந்த நேரமும் அணைந்த நேரமும் அப்படியே பதிவாகிவிடும். மொழி புரியாவிட்டாலும் ஓசையை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை மாதிரி. வெயில் விழாத இடத்தில் செய்தால் முதல் முறையே சரியாக வரும்.

● உங்கள் ரிமோட் செத்துவிட்டால் யாரிடம் கற்றுக்கொள்வது? பக்கத்து வீட்டில் கேளுங்கள். முகவரி என்று முன்னே சொன்னோமே, அது கருவியின் வகைக்குத்தான், தனித்தனிப் பெட்டிக்கு அல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் என்றால் அவர்கள் ரிமோட் உங்கள் டிவியையும் இயக்கும். பத்து நிமிடம் இரவல் வாங்கினால் போதும்.

● சில செல்போன்களின் தலைப்பக்கம் சிறு கருப்புப் புள்ளி இருக்கும். அதுவும் அகச்சிவப்பு விளக்குதான். ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பிலிருந்தே, அதாவது 2013 முதல், இதற்கான வசதி அந்த மென்பொருளுக்குள் உண்டு. ரெட்மி போன் வைத்திருப்பவர்கள் ஒருமுறை மேல் விளிம்பைப் பாருங்கள்.

● பேசும் ரிமோட்டோடு வரும் ஸ்மார்ட் டிவிகள் புளூடூத்துக்கு மாறிவருகின்றன. டிவிக்கு நேராக நீட்ட வேண்டாம், போர்வைக்குள்ளிருந்தும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு ரிமோட்டும் அந்த ஒரு பெட்டியோடு மட்டும் கைகோத்துக்கொள்வதால், இரவல் ரிமோட் உதவாது, பழைய யுனிவர்சல் ரிமோட்டுக்கும் பிடிபடாது. என் எண்ணத்தில் சாதாரண வீட்டுக்கு இது ஒரு இழப்பே. அகச்சிவப்பு ரிமோட் யாரும் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதியது. அதனால்தான் அதைச் சிறு கடைக்காரர் சரிசெய்ய முடிகிறது. பள்ளிப் பிள்ளை ஒருவர் மூன்று கால் உள்ள ஒரு சிறு உணரியையும் ஒரு ஆர்டுயினோ பலகையையும் வாங்கி, தன் வீட்டு ரிமோட்டின் சேதியைத் திரையில் 0, 1 என்று படித்துவிட முடிகிறது. அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துகாட்ட வேண்டும்.

● ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லையா? ரிமோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே ரப்பர் விரிப்பின் அடியில் கருப்பு கார்பன் புள்ளிகள் பலகையைத் தொட்டால்தான் சேதி போகும். எண்ணெய்க் கையும் தூசியும் நாளடைவில் நடுவே படிகின்றன. பேட்டரியைக் கழற்றி, ரிமோட்டைத் திறந்து, ரப்பர் விரிப்பை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்திப் போடுங்கள். பலகையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பழைய பேட்டரி ஒன்று, புதியது ஒன்று என்று கலந்து போடாதீர்கள்.

● கடைசியாக ஒன்று. மலிவான சில யுனிவர்சல் ரிமோட்டுகள் பேட்டரியைக் கழற்றியதும் எண்ணை மறந்துவிடும். நல்ல சில்லு உள்ளவை நினைவில் வைத்திருக்கும், வாங்கும்போது கடையிலேயே கேட்டுவிடுங்கள். எதுவானாலும், தேடிக் கண்டுபிடித்த எண்ணை இன்றே ஒரு துண்டுத்தாளில் எழுதி, பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.