நோயாளியின் தவறும் அவசர மருத்துவ ஊழியரின் கடமையும்

அவசர மருத்துவ ஊழியர் என்பவர் விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, பிரசவ வலி, தற்கொலை முயற்சி போன்ற வேளைகளில் மருத்துவமனைக்கு வெளியிலேயே முதல் சிகிச்சையைத் தொடங்கி, நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைப்பவர். நம் நாட்டில் 108 ஆம்புலன்சில் பொதுவாக இருவர் வருவார்கள். வண்டி ஓட்டுபவரைப் 'பைலட்' என்று அழைக்கிறார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர். பேச்சு வழக்கில் இ.எம்.டி. 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது.

இந்த ஊழியர்கள் தங்களுக்குள் அடிக்கடி விவாதிக்கும் ஒரு கேள்வியைப் பற்றியது இக்கட்டுரை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனவர், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் என்று தன் தவறால் ஆபத்தை வரவழைத்துக்கொண்டவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கவனிப்புத்தானா?

கடலூர் சாலையில் ஓர் இரவு

அரியாங்குப்பம் புதுச்சேரி–கடலூர் சாலையில் இருக்கிறது. இங்கிருந்து கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக ஆற்றுப் பாலம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடக்க வேண்டும். மாலை நேரத்தில் அது எத்தனை நிமிடம் என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மது விலை குறைவு என்பதால் வெளியூரிலிருந்து வந்து குடித்துவிட்டு இதே சாலையில் திரும்புகிறவர்களும் உண்டு.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது ஆம்புலன்சில் இ.எம்.டி.யாக வேலை செய்கிறார். அவர் சொன்ன நிகழ்ச்சி இது. குடித்திருந்த ஓர் இளைஞர் சாலையைக் கடந்த ஓர் அம்மாவின் மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றிவிட்டார். அம்மாவுக்குக் கால் எலும்பு முறிவு, வலியில் கத்திக்கொண்டிருந்தார். இளைஞர் தலையில் அடிபட்டுச் சத்தமில்லாமல் கிடந்தார். மூச்சு மட்டும் குறட்டைபோல் இழுத்துக்கொண்டிருந்தது. கூடியிருந்தவர்கள், "அந்த அம்மாவை முதலில் தூக்குங்க சார், அவன் கிடக்கட்டும்" என்றார்கள். இவரோ முதலில் இளைஞரிடம் போனார். ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கிக் குத்தினாராம்.

இவர் செய்ததுதான் சரி. கத்துகிறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். நினைவிழந்தவரின் குறட்டைச் சத்தமோ நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது என்பதற்கு அடையாளம். மூளைக்குச் சில நிமிடம் ஆக்சிஜன் போகாவிட்டால் பிறகு எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் பயனில்லை. கழுத்தை அசைக்காமல் தாடையை முன்னால் தூக்கி அந்த மூச்சைச் சரிசெய்துவிட்டு, அம்மாவின் காலுக்கு அணை கட்டி, இரண்டாவது வண்டியை வரவழைத்திருக்கிறார். இளைஞர் பிழைத்தாரா என்று கேட்டேன். தெரியாது என்றார். கேஷுவாலிட்டியில் ஒப்படைத்த உடனே அடுத்த அழைப்பு வந்துவிட்டதாம். இந்த வேலையில் பெரும்பாலும் கதையின் முடிவு தெரிவதில்லை.

"கோபமே வராதா?" என்றும் கேட்டேன். போகும்போது வராது சார், திரும்பும்போது வரும் என்றார்.

காயத்தைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா

யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரிப்பதை உலகெங்கும் 'ட்ரியாஜ்' என்கிறார்கள். வகைபிரித்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. பிரெஞ்சுப் படை மருத்துவர் தொமினிக் ழான் லார்ரே 1790களில் காயமுற்றவர்களைப் போர்க்களத்திலிருந்து விரைந்து தூக்கிவரக் குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தார். பதவி, நாடு பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசை என்ற வழக்கத்தோடு அவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில், 1978இல், அமெரிக்க அவசர மருத்துவ ஊழியர் சங்கம் ஏற்றுக்கொண்ட நெறிமுறையும் மனிதரின் தேவை ஒன்றையே அளவாக வைத்தது.

இதில் ஒரு மருத்துவக் காரணமும் உண்டு; என் பார்வையில் அறக் காரணத்தைவிட அதுதான் வலுவானது. ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தொடங்கியதும் நோயைப் பார்க்கும் கண் மங்கிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தவர் தள்ளாடுவார், உளறுவார், சில சமயம் அடிக்கவும் வருவார். பார்ப்பவர் 'தண்ணி போட்டிருக்கான்' என்று ஒதுங்கிப் போவார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் உண்மை தெரிந்துவிடும்.

உண்மையாகவே குடித்தவரிடம் ஆபத்து இன்னும் அதிகம். தலைக்காயத்தின் கடுமையை 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கிளாஸ்கோ அளவுகோலால் அளக்கிறார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று அதிகபட்சம் 15 மதிப்பெண், குறைந்தபட்சம் 3. குடித்தவர் மதுவினாலும் மதிப்பெண் இழப்பார், மண்டைக்குள் ரத்தம் கசிவதாலும் இழப்பார். எதனால் என்று சாலையோரத்தில் பிரித்தறிய முடியாது. ஆகவே மோசமானதையே எதிர்பார்த்துச் செயல்பட வேண்டும் என்பது பாடம். 'போதை தெளிந்தால் எழுந்துவிடுவான்' என்று விடப்பட்டவர்களில் சிலர் காலையில் எழுவதில்லை.

விஷம் குடித்தவர்களைப் பற்றியும் ஊழியர்களிடையே இந்தப் பேச்சு வரும். எலி மருந்துப் பசையை விழுங்கியவர் முதல் நாள் நன்றாகவே இருப்பார். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். 'மிரட்டத்தான் குடித்தான்' என்று குடும்பத்தார் சொன்னாலும் அழைத்துப்போகவே வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

சட்டம் சொல்வது

ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் மீது கார் மோதியது. வழிப்போக்கர் ஒருவர் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். போலீஸ் வழக்குள்ள நோயாளிகளைப் பார்க்க அனுமதி பெற்றது வேறு மருத்துவமனை என்று சொல்லி, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிட்டார்கள். போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. இந்தச் செய்தியை வைத்துத் தொடரப்பட்டதுதான் பரமானந்த கட்டாரா வழக்கு. 1989 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நோயாளி நிரபராதியானாலும் தண்டனைக்குரிய குற்றவாளியானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னால்தான் என்றது. நம் கேள்விக்கு நேரடியான பதில் இது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் ஓட்டியவர் குற்றவாளிதான். அதை முடிவு செய்யும் இடம் நீதிமன்றம், ஸ்ட்ரெச்சர் அல்ல.

பணம் கொடுக்கும் திட்டங்களும் இதே வழியில் போகின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு என்பதால் கடலூர்ப் பக்கம் போய்வரும் புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். தூக்கிக்கொண்டு வருபவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்பதற்கு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு சேர்க்கப்பட்டது.

பொறுப்பை எங்கே கேட்கலாம்

ஆனால் ஊழியர்கள் தனிமனிதப் பொறுப்பே வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ செலவு மிச்சம் என்று சாதாரணக் காய்ச்சலுக்கு 108ஐக் கூப்பிடுபவர்கள், விளையாட்டாக அழைக்கும் பிள்ளைகள், சைரன் கேட்டும் ஒதுங்காத வண்டிகள் பற்றிப் பேசினால் அவர்கள் குரல் மாறுகிறது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு ரூ.10,000 வரை அபராதம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஹெல்மெட் விஷயத்திலும் அவர்களுக்குச் சலுகை மனம் இல்லை. 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் கட்டாயம் என்பது புதுச்சேரியில் அரசியல் சண்டையாகவே ஆனது. உடைந்த மண்டையைக் கையில் தாங்கியவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாக நினைவில்லை.

12 மணி நேரப் பணி, குறைந்த சம்பளம், கூட்டத்தின் அடி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். களைத்துப்போனவருக்கு நோயாளி மேல் எரிச்சல் வருவது இயல்பு. என் மாணவர் எரிச்சல் வந்தால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் வேலை செய்ய விடுவாராம்.

அவர்கள் நோயாளியிடம் கட்டாயம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: உண்மை. "குடிச்சிருக்கீங்களா? சர்க்கரை இருக்கா? என்ன மாத்திரை?" என்று கேட்பது போலீசுக்காக அல்ல. வலிக்கும் மயக்கத்துக்கும் கொடுக்கும் மருந்துகள் சில மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறிய தலைக்காயமும் பெரிதாகிவிடும். பயந்துபோய் 'இல்லை' என்று சொல்பவர்களே அதிகம் என்கிறார். அதனால் அவர் இப்போதெல்லாம் கேள்வியைக் கேட்குமுன், "போலீஸ் யாரும் வண்டியில இல்லை, என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்று தொடங்குகிறார்.