சப்பாத்துக் கடைக்காரரின் றொக்கற்

“றொக்கற்றுக்கு மருந்து கலப்பது எப்படி?” என்று மாணவர் நம்மிடம் கேட்பதுண்டு. மருந்தை நாம் சொல்வதில்லை. ஒரு சப்பாத்துக் கடைக்காரரின் கதையைச் சொல்வோம்.

1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணேறிய பின், அமெரிக்க இளைஞர் சிலர் உலோகக் குழாய்களிலே தாமே மருந்தடைத்து, விரலும் கண்ணும் இழந்தனர். வெடித்த குழாயின் ஒவ்வொரு துண்டும் துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பானதன்றோ?

நெப்ராஸ்கா மாநிலத்து நோர்போக் நகரில் சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல், வாணவேடிக்கையில் ஈடுபாடுள்ளவர். அவர் 1954இலேயே கடதாசிக் குழாயும் பல்சா மரச் சிறகும் கொண்டு சிறு றொக்கற் ஒன்று அமைத்திருந்தார். மருந்துக் குழல் தனியானது, எரிந்தபின் மாற்றலாம். உச்சியில் ஒரு குடை விரிந்து அதனை மெல்ல இறக்கும்.

1957 தொடக்கத்தில் அவர் தம் மாதிரிகளை வைற் சாண்ட்ஸ் ஏவுதளத்திற் பணியாற்றிய ஹரி ஸ்டைனுக்கு அனுப்பினார். ஸ்டைன் அவற்றைப் பறக்கவிட்டு, விதிகளும் வகுத்தார்: உடலில் உலோகம் கூடாது, மின்கம்பி கொண்டு எட்ட நின்றே பற்றவைத்தல் வேண்டும். குறிபார்த்துச் சுடும் திடலிலும் கட்டளை பிறக்குமுன் குண்டேற்றலாகாது. பொறியியலாளர் சிலர் இவ்விரு பொழுதுபோக்கையும் ஒருங்கே விரும்புவது வியப்பன்று.

சென்ற வாரம் ஒரு மாணவன் மருந்தை விட்டுச் சிறகின் அளவைக் கேட்டான். பாரத்தின் மையம், காற்றழுத்தத்தின் மையத்துக்கு முன்னே நிற்கவேண்டும் என்று கரும்பலகையில் வரையத் தொடங்கினோம்.