இஞ்சி ஷாட்: ஒரு டீஸ்பூன் போதுமே!

ஜூஸ் கடைகளின் விலைப்பட்டியலில் இப்போது ‘இஞ்சி ஷாட்’டும் இடம்பிடித்துவிட்டது. சின்னக் குப்பியில் 30 முதல் 60 மில்லி வரை சாறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும், தொப்பை கரையும் என்று விளம்பரம் சொல்கிறது. அஜீரணம் என்றால் இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம். ஆனால், இவ்வளவு சாற்றைத் தினமும் குடிக்கும் பழக்கம் நமக்கு இருந்ததில்லை.

இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற வேதிப்பொருள். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் காரம் தூக்கலாக இருப்பது அதனால்தான். இரைப்பையில் தங்கும் உணவு சற்று விரைவாகக் குடலுக்கு இறங்க இஞ்சி உதவுகிறது. குமட்டலைத் தணிப்பதில்தான் இதற்கு வலுவான சான்று இருக்கிறது; குறிப்பாக, கர்ப்பகால மசக்கையில். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு 1 கிராம் அளவிலான உலர்ந்த இஞ்சிப் பொடி. பேருந்து நிலையங்களில் இஞ்சி மொரப்பா விற்கிறார்களே, அந்தப் பயண வாந்திக்கும் ஆய்வு உண்டு. சுழலும் நாற்காலியில் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்து, இஞ்சி பலன் தருகிறது என்று 1982-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

எதிர்ப்புச் சக்தி விஷயத்தில் விளம்பரம் மிகைதான். 100 கிராம் இஞ்சியில் வைட்டமின் சி 5 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. ஷாட்டில் ஏதாவது வைட்டமின் சி கிடைத்தால், அது கூடச் சேர்க்கும் எலுமிச்சையின் உபயம். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. தொப்பையைக் கரைக்கும் என்பதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்வது நல்லது. என்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். விரல் நீள இஞ்சியை மண் போகக் கழுவி, கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து மெல்லிய துணியில் பிழியுங்கள். சாற்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு போல வெள்ளை மண்டி படியும்; மேலே மஞ்சள் கலந்த தெளிவு நிற்கும். அந்த மண்டியை நஞ்சு என்று பெரியவர்கள் கொட்டிவிடச் சொல்வார்கள். உண்மையில் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் தெளிவை மட்டும் எடுத்தால் தொண்டையில் கரகரப்பில்லாமல் இறங்கும். ஒரு டீஸ்பூன் தெளிவு, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர், அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் தேன். இது போதும்.

பச்சைச் சாற்றைப் பாலில் மட்டும் கலந்துவிடாதீர்கள், திரிந்துவிடும். பாலின் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இஞ்சியில் இருக்கிறது. சீனாவின் குவாங்டோங் பகுதியில் இதே குணத்தைப் பயன்படுத்தி, சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றித் தயிர் போல உறையவைத்து உண்கிறார்கள். கொதிக்கவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். இஞ்சி டீக்கு இஞ்சியை முதலில் தண்ணீரில் கொதிக்கவிடுவதன் பயன் இதுதான்.

நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. பித்தப்பைக் கல் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கவே கூடாது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இஞ்சி அளவு மீறினால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். மருத்துவரிடம் மாத்திரைகளின் பெயரைச் சொல்லும்போது, தினமும் குடிக்கும் இஞ்சிச் சாற்றையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.