மாநிலங்களவைத் தேர்தல்

மாநிலங்களவை கலைக்கப்படாத அவை. 6 ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவர். மாநிலச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே அவர்களுள் பெரும்பாலோரைத் தேர்வு செய்வர்.

வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படுத்துவர். தமிழ்நாட்டின் 234 உறுப்பினர்களும் வாக்களித்து 6 இடங்களை நிரப்புவதாகக் கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டிய 7ஆல் 234ஐ வகுத்தால் 33க்குச் சற்று மிகும். எனவே 34 முதல் விருப்ப வாக்குகள் பெற்றவர் வெற்றி பெறுவார். மிகுதி வாக்குகள் அடுத்த விருப்பத்தினர்க்கு மாற்றப்படும். ஆதலால் 34 பேர் கொண்ட எதிரணியும் ஓரிடம் பெறும்.

2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கட்சி உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டுதல் வேண்டும். வாக்கு விலைபோவதை இது தடுக்கும் என்பர் ஒருசாரார். மனச்சான்றின் உரிமையைக் குறைக்கும் என்பர் மற்றொரு சாரார். இத்திருத்தம் செல்லும் என 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.